சொந்தப் பண்ணைக் கம்பளியில் உடை: கத்தரிப்பு முதல் பராமரிப்பு வரை முழுமையான வழிகாட்டி

பண்ணையில் செம்மறி ஆடு இருக்கிறது, ஆண்டுதோறும் ரோமம் வளர்கிறது, நாமே நூற்று உடுத்திக்கொள்ளலாமே என்று ஆசையோடு தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். ஒரு ஸ்வெட்டரை மனதில் வைத்துக்கொண்டு, கையில் கிடைத்த ரோமத்தை அதற்கு வளைக்கப் பார்க்கிறார்கள். எந்த ஆட்டின் ரோமம் எதற்கு வரும் என்று முதலில் பார்த்துவிட்டு உடையை முடிவு செய்தால் வேலை பாதியாகக் குறையும்.

படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். ஒரு படியில் செய்த அவசரம் இரண்டு படி தள்ளித்தான் தெரியவரும். அப்போது சரிசெய்ய முடியாது.

1. கத்தரிப்புக்குப் பல மாதம் முன்பே செய்ய வேண்டியது

நல்ல நூல் தீவனத் தொட்டியில் தொடங்குகிறது. தொட்டி ஆட்டின் தலைக்கு மேலே இருந்தால், இழுத்துத் தின்னும்போது துரும்பெல்லாம் கழுத்திலும் தோளிலும் விழும். உடம்பிலேயே மிக நல்ல ரோமம் தோளில்தான் இருக்கிறது. இந்தத் துரும்பு கழுவினால் போகாது. வாரும்போது நொறுங்கி இன்னும் பொடியாகும். தொட்டியை நெஞ்சு உயரத்துக்கு இறக்கிவிடுங்கள்.

அடையாளத்துக்கு முதுகில் பெயின்ட் அடிக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். பெயின்ட் பட்ட ரோமத்தை வெட்டி எறிவதைத் தவிர வழியில்லை. காதில் மாட்டும் எண் வில்லை போதும்.

உண்ணிக்கும் பேனுக்கும் மருந்து ஊற்றியிருந்தாலோ மருந்து நீரில் முக்கியிருந்தாலோ, மருந்துச் சீட்டில் சொல்லியிருக்கும் காத்திருப்புக் காலம் முடிந்த பிறகே கத்தரியுங்கள். ரோமத்தில் தங்கிய மருந்து உங்கள் கையிலும் கழுவும் நீரிலும்தான் இறங்கும்.

கடும் காய்ச்சல், தீவனத் தட்டுப்பாடு, சிரமமான ஈற்று ஆகியவை வந்த ஆட்டைக் குறித்து வையுங்கள். அந்த நாட்களில் வளர்ந்த பகுதி மெலிந்து, ஒவ்வொரு இழையிலும் அதே உயரத்தில் ஒரு பலவீனம் விழுந்திருக்கும். ஏன் என்பது நான்காவது படியில் புரியும்.

2. கருவிகள்

முதல் ஆண்டிலேயே ராட்டையும் தறியும் வாங்க வேண்டாம். கீழே உள்ளவை போதும்.

பிரிப்பதற்குக் கம்பி வலை அடித்த ஒரு சட்டம் வேண்டும். கழுவுவதற்கு இரண்டு பெரிய தொட்டி, வெப்பமானி, கண்ணி நெருக்கமான வலைப்பைகள், பாத்திரம் கழுவும் திரவம். வாருவதற்கு ஒரு ஜோடி கம்பிப்பல் பலகை, அதாவது வளைந்த மெல்லிய பற்கள் பதித்த கைப்பிடிப் பலகைகள். நூற்பதற்கு 40 முதல் 60 கிராம் எடையுள்ள தொங்கு கதிர் ஒன்று, அதாவது நூலில் தொங்கிச் சுழன்று முறுக்கு ஏற்றும் கோல். பிறகு பின்னல் ஊசிகள், சமையலறைத் தராசு, அளவு நாடா.

பருத்தி நூற்கும் தக்ளி வீட்டில் இருந்தால் அதிலேயே தொடங்கத் தோன்றும். வேண்டாம். அது குட்டையான பருத்தி இழைக்கு மிக வேகமாக முறுக்கு ஏற்றுவதற்கென்று செய்யப்பட்டது. கம்பளி இழை நீளம். அந்த வேகத்தில் இழுக்க நேரமே கிடைக்காமல் நூல் கம்பியாக விறைத்துவிடும்.

வெப்பமானியை மட்டும் யாரும் வாங்குவதில்லை. கை வைத்துப் பார்த்தால் போதும் என்கிறார்கள். ரோமம் கழுவத் தேவையான சூட்டில் கை வைக்கவே முடியாது. அதனால் அதை வாங்காமல் தொடங்காதீர்கள்.

3. கத்தரிப்பு நாள்

ரோமம் காய்ந்திருக்க வேண்டும். மழையிலோ பனியிலோ நனைந்த ரோமத்தைச் சுருட்டி வைத்தால் உள்ளே சூடேறிப் பூஞ்சை பிடித்து மஞ்சளாகும். அந்த மஞ்சள் கழுவினாலும் போகாது. முந்தைய இரவே ஆடுகளைக் கூரைக்குக் கீழே அடையுங்கள், தீவனமும் கொடுக்காதீர்கள். நிறைந்த வயிற்றோடு மல்லாத்திப் பிடித்தால் ஆட்டுக்கு மூச்சு முட்டும், தரையும் அசுத்தமாகும்.

வெள்ளை ஆடுகளை முதலில், கறுப்பையும் பழுப்பையும் கடைசியில் கத்தரியுங்கள். வெள்ளையில் விழுந்த கறுப்பு இழையைப் பொறுக்கி மாளாது. ஒவ்வோர் ஆட்டுக்கும் பிறகு தரையைக் கூட்டுங்கள்.

கத்தரி தோலை ஒட்டி ஒரே வீச்சில் போக வேண்டும். மேலாக வெட்டிவிட்டு, மிச்சத்தை ஒட்ட வெட்டத் திரும்பிப் போவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. இரண்டாம் வெட்டில் வரும் விரற்கடைத் துணுக்குகள் ரோமத்தோடு கலந்து, நூற்கும்போது முடிச்சு முடிச்சாக எழும். மேலாக வெட்டிவிட்டால் அப்படியே விட்டுவிடுங்கள். அடுத்த ஆண்டு வளரும்.

ஆட்டின் தோல் மெல்லியது, மடிப்பு மடிப்பாக இருக்கும். மற்றொரு கையால் தோலை இழுத்துப் பிடித்துத்தான் வெட்ட வேண்டும். மடிக்காம்புகளைக் கையால் மூடிக்கொள்ள வேண்டும். கை பழகாதவர்கள் முதல் முறை அனுபவசாலியை அழைப்பது ஆட்டுக்குச் செய்யும் மரியாதை. கத்தரித்த ஆட்டைச் சில நாட்கள் குளிர்காற்றிலும் மழையிலும் விடாதீர்கள்.

ஒவ்வோர் ஆட்டின் ரோமத்தையும் தனித்தனித் துணிப்பையில் போட்டு, ஆட்டின் எண்ணும் தேதியும் எழுதிக் கட்டுங்கள். பிளாஸ்டிக் பை கூடாது, உள்ளே வியர்க்கும்.

4. பிரித்தலும் சோதித்தலும்

உடை முடிவாவது இந்த மேசையில்தான். மற்ற படிகளைவிட இதற்கு அதிக நேரம் ஒதுக்குங்கள்.

கையுறையும் முகக்கவசமும் அணிந்துகொள்ளுங்கள். கழுவாத ரோமத்தில் சாணமும் நோய்க்கிருமிகளும் இருக்கலாம். கியூ காய்ச்சல், ஆந்த்ராக்ஸ் போன்றவை விலங்கிலிருந்து மனிதருக்குத் தொற்றக்கூடியவை. கர்ப்பிணிகள் இந்தப் படியில் கலந்துகொள்ள வேண்டாம்.

ரோமத்தை வெட்டுப்பக்கம் கீழே இருக்கும்படி வலைச்சட்டத்தில் விரித்து, மெல்ல உலுக்குங்கள். மணலும் துணுக்கும் கீழே கொட்டும். பிறகு ஓரத்தைச் சுற்றி வந்து, புழுக்கை ஒட்டியது, மூத்திரக் கறை பட்டது, வயிற்று ரோமம், கால் ரோமம், துரும்பு நிறைந்த கழுத்துப் பகுதி எல்லாவற்றையும் பிய்த்தெடுங்கள். கால் பங்கு போனாலும் தயங்காதீர்கள். "கழுவினால் போய்விடும்" என்று சேர்த்துக்கொண்டவர்கள் எல்லோரும் வாரும்போது அதையே எடுத்து எறிந்திருக்கிறார்கள், பத்து மடங்கு உழைப்புக்குப் பிறகு. ஒதுக்கியதும் வீணாகாது, செடிகளின் தூரில் மூடாக்காகப் போட்டால் ஈரத்தைக் காத்து மெல்ல உரமாகும்.

இனி மூன்று சோதனைகள்.

முதலாவது நீளம். தோள், விலா, தொடை மூன்றிலிருந்தும் ஒரு சிறு கற்றை எடுத்து அளவு நாடாவில் வையுங்கள். 7 முதல் 12 சென்டிமீட்டர் வரை இருந்தால் புதிதாக நூற்பவருக்கு வாகானது. 5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் ஃபெல்ட்டுக்கு, அதாவது நூற்காமல் வெந்நீரிலும் சோப்பிலும் தேய்த்து இறுக்கிச் செய்யும் கனத்த துணிக்கு, ஒதுக்குங்கள்.

இரண்டாவது வலு. பென்சில் தடிமனுக்கு ஒரு கற்றையை இரு முனையிலும் பிடித்துக் காதருகே கொண்டுவந்து, வெடுக்கென்று இழுங்கள். 'டிங்' என்று தந்தி மீட்டிய ஒலி வந்தால் ரோமம் உறுதி. சரசரவென்று நொறுங்கும் ஒலி கேட்டு, இழை நடுவில் அறுந்தால் அந்த ஆட்டுக்கு ஆண்டின் நடுவே நோயோ பட்டினியோ வந்திருக்கிறது. அந்த ரோமத்தில் எவ்வளவு அழகாக நூற்றாலும் உடை உதிர்ந்துகொண்டே இருக்கும். மெத்தையில் அடைக்கவோ ஃபெல்ட் செய்யவோ பயன்படுத்துங்கள்.

மூன்றாவது மென்மை. கையில் தொட்டுப் பார்த்தால் எல்லா ரோமமும் மென்மையாகத்தான் தோன்றும், கொழுப்பு இருப்பதால். ஒரு கற்றையைக் கழுவிக் காயவைத்து, கழுத்தில் சட்டைக்குள் அரை மணி நேரம் வைத்திருங்கள். 30 மைக்ரானுக்கு (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) மேல் தடித்த இழைகள் தோலைக் குத்தும். நூற்றில் ஐந்து இழை அப்படி இருந்தாலே அரிப்பு தெரியும். கழுத்து பொறுத்துக்கொண்டால் தொப்பி, மஃப்ளர், தோலை ஒட்டி அணியும் மேலாடை. குத்தினால் கோட்டு, பை, வெளிச்சட்டை. கையிலேயே சொரசொரப்பாக இருந்தால் விரிப்பும் இடுப்புப் பட்டையும்.

ஒரே ஆட்டில்கூடத் தோளில் மென்மையாகவும் தொடையில் முரடாகவும் இருக்கும். மூன்று குவியலாகப் பிரியுங்கள், கலக்காதீர்கள். கறுப்பு ஆட்டின் இழைமுனை வெயிலில் வெளுத்துப் பழுப்பாகியிருக்கும். வாரும்போது அது கலந்து ஆழமான ஒரு பழுப்பு நிறம் தரும். எந்தச் சாயத்திலும் அது கிடைப்பதில்லை.

5. எவ்வளவு தேறும் என்று கணக்குப் போடுங்கள்

4 கிலோ ரோமம் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். பிரித்தலில் 1 கிலோ போனால் மிச்சம் 3 கிலோ. கழுவும்போது கொழுப்பும் அழுக்கும் வியர்வை உப்புமாக 30 முதல் 50 விழுக்காடு எடை குறையும். 40 விழுக்காடு என்றால் 1.8 கிலோ. வாருவதிலும் நூற்பதிலும் கொஞ்சம் கழிவு. கடைசியில் ஒன்றரைக் கிலோ நூல்.

தொப்பிக்குச் சுமார் 100 கிராம், மஃப்ளருக்கு 200 முதல் 250, ஒரு ஜோடி காலுறைக்கு 100, பெரியவர் ஸ்வெட்டருக்கு 600 முதல் 800 கிராம் வேண்டும். ஸ்வெட்டர் என்றால் அதற்குத் தேவையான ரோமம் முழுவதையும் இப்போதே சேர்த்து வைத்துவிடுங்கள். பாதியில் தீர்ந்து வேறோர் ஆட்டின் ரோமத்தில் தொடர்ந்தால், நூல் ஒரே தடிமனாக இருந்தாலும் நிறமும் சுருங்கும் அளவும் மாறிவிடும்.

6. கழுவுதல்

ஆட்டு ரோமத்தில் லனோலின் என்ற கொழுப்பு இருக்கிறது. ஏறக்குறைய 40 டிகிரி செல்சியஸில் உருகத் தொடங்கும். உருகினால்தான் நீரோடு போகும். நீர் ஆறினால் மறுபடி இழையிலேயே படியும். இரண்டாவது விஷயம், ஒவ்வோர் இழையின் மேலும் மீன் செதில் போன்ற அடுக்கு இருக்கிறது. சூடு, சோப்பு, அசைவு மூன்றும் சேர்ந்தால் செதில்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு இறுகும். அப்புறம் பிரிக்க முடியாது. ஆகவே சூடும் சோப்பும் இருக்கட்டும், அசைவு கூடாது. இந்தப் படியின் விதி இதுதான்.

முதலில் குளிர்ந்த நீரில் ஓர் இரவு ஊறவிடுங்கள். வியர்வை உப்பும் மண்ணும் இறங்கும். பழுப்பாக வரும் இந்த நீரில் பொட்டாசியம் உண்டு. மருந்து பயன்படுத்தாத ஆடுகளாக இருந்தால் மரங்களுக்கு ஊற்றலாம்.

அடுத்து, அரைக் கிலோ ரோமத்தை வலைப்பையில் தளர்வாகப் போடுங்கள். அடைத்துத் திணித்தால் நடுவில் கொழுப்பு அப்படியே இருக்கும். தொட்டியில் 15 முதல் 20 லிட்டர் நீர், 60 முதல் 65 டிகிரி. தொட்டி நிரம்பிய பிறகு பாத்திரம் கழுவும் திரவத்தை விட்டு மெல்லக் கலக்குங்கள். ஒரு கரண்டி நீரை எடுத்து ஆறவிட்டுத் தொட்டால் விரலுக்கு வழவழப்பாக இருந்தால் அளவு சரி. பையை மேலே வைத்து, குச்சியால் அழுத்தி மூழ்கவிடுங்கள். தொடாமல் 20 நிமிடம்.

துணி துவைக்கும் தூளைப் போடாதீர்கள். கறை நீக்க அதில் சேர்க்கும் நொதி புரதத்தைச் சிதைக்கும், கம்பளியே புரதம்தான். சலவைச் சோடாவும் காரம் என்பதால் இழையை அரிக்கும். உப்பு நீரில் சோப்புக்கட்டி பிசுக்காகப் படியும்.

20 நிமிடத்தில் பையைக் குச்சியால் எடுத்து, முறுக்காமல், ரப்பர் கையுறை போட்ட உள்ளங்கையால் அழுத்தி நீரை வடியுங்கள். அதே சூட்டில் இரண்டாவது தொட்டி ஏற்கெனவே தயாராக இருக்க வேண்டும். மறுபடி திரவம், மறுபடி 20 நிமிடம். பிறகு அதே சூட்டில் வெறும் நீரில் இரண்டு அலசல். கடைசி அலசலில் ஒரு மூடி வினிகர் விட்டால் மிஞ்சிய காரம் போகும். ரோமம் ஊறும்போது அதன் மேல் குழாயைத் திறக்கவே கூடாது. விழும் நீரின் வேகம் போதும், ரோமம் கட்டிவிடும்.

ஒருவர் கழுவிக் காயவைத்த ரோமத்தை என்னிடம் கொண்டுவந்தார். பார்க்க வெள்ளை வெளேர். விரலில் எடுத்து உருட்டினால் மெழுகுபோல ஒட்டியது. வாரினால் பலகையிலிருந்து பிரிய மறுத்தது. ரோமத்தை ஊறப்போட்டுவிட்டு வெளியே போய் ஒரு மணி நேரம் கழித்து வந்திருக்கிறார். நீர் ஆறி, கரைந்த கொழுப்பு எல்லாம் திரும்ப வந்து ஒட்டியிருந்தது. மறுபடி சூடான நீரில் இரு முறை கழுவிய பிறகே அது நூலுக்கு வந்தது. கழுவும் நாளில் வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள்.

7. உலர்த்துதல்

பையைத் துண்டில் சுருட்டி மிதித்து நீரை எடுங்கள். பிறகு வலையில் விரித்து, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். நேர் வெயில் இழையை மொரமொரப்பாக்கும்.

கம்பளி தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்வாங்கிக்கொண்டும் காய்ந்ததுபோலக் காட்டும். அதனால் கை உலர்ந்தது என்று சொன்ன பிறகும் ஒரு நாள் விடுங்கள்.

8. பிய்த்தலும் வாருதலும்

கழுவிய ரோமத்தை நேரே பலகையில் போடக் கூடாது. முதலில் கற்றை கற்றையாக எடுத்து, முனைகளை விரலால் விரித்து, மேகம்போல இலகுவாகும் வரை பிய்க்க வேண்டும். கீழே ஒரு துணி விரித்துக்கொள்ளுங்கள். மிச்சத் துரும்பு எல்லாம் இங்கேதான் உதிரும். அலுப்பான வேலைதான். ஆனால் இதில் செலவிட்ட நேரம் நூற்கும்போது அப்படியே திரும்பக் கிடைக்கும்.

இடது பலகையில் பற்கள் மறையும் அளவுக்கு மெல்லியதாக ரோமம் பரப்புங்கள். வலது பலகையை அதன் மேல் வருடுவதுபோல இழுங்கள். பல்லோடு பல் உரசும் ஒலி கேட்டால் அழுத்தம் அதிகம். நுனியில் தொடங்கி, ஒவ்வோர் இழுப்பிலும் கொஞ்சம் உள்ளே போங்கள். மூன்று நான்கு முறை பலகை மாற்றியதும் இழைகள் ஒழுங்காகும். எடுத்து உருளையாகச் சுருட்டினால் பட்டை தயார்.

புதியவர்கள் இரண்டு தவறு செய்கிறார்கள். பலகையில் நிறையப் போடுகிறார்கள். மேலே உள்ளது மட்டும் வாரப்படுகிறது. அல்லது வாரிக்கொண்டே இருக்கிறார்கள். இழை அறுந்து குட்டி முடிச்சுகளாகிறது. முடிச்சு தெரியத் தொடங்கினால் நிறுத்துங்கள்.

15 சென்டிமீட்டருக்கு மேல் நீளமான ரோமத்துக்குப் பலகை வேண்டாம், நீண்ட பல் சீப்பு போதும். எல்லா இழையும் ஒரே திசையில் படிந்து வழவழப்பான, உறுதியான நூல் வரும். பலகையில் வாரியது பஞ்சுபோன்ற, காற்றை அடைத்துவைக்கும் வெதுவெதுப்பான நூல் தரும். தொப்பிக்கு இரண்டாவது, காலுறைக்கு முதலாவது.

9. நூற்றல்

கதிரில் ஒரு துண்டு நூலைக் கட்டிக்கொள்ளுங்கள். அதன் முனையைப் பட்டையின் முனை மேல் 8 சென்டிமீட்டர் வைத்து, கதிரை வலஞ்சுழியாகச் சுற்றுங்கள். முறுக்கு ஏறியதும் கதிரை முழங்கால்களுக்கு இடையே இறுக்கிப் பிடித்து நிறுத்துங்கள். இனி இரண்டு கையும் சும்மா இருக்கின்றன. பட்டையிலிருந்து இழையை இழுக்கலாம். இழுத்த பிறகு முறுக்கை மேலே விடுங்கள். தொங்கும் கதிரைச் சுற்றிக்கொண்டே இழுப்பது பிறகு தானாக வரும். சுற்றுவதையும் இழுப்பதையும் முதல் நாளிலேயே சேர்த்துச் செய்யப் பார்த்துத்தான் பலர் கதிரைக் கீழே போட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

"எவ்வளவு இழுத்தாலும் வரவில்லை" என்பவர்களின் கையைப் பாருங்கள். இரு கைகளும் மிக நெருக்கமாக இருக்கும். ஒரே இழையின் இரு முனையையும் இரு கையும் பிடித்திருக்கின்றன, எப்படி நகரும்? கைகளுக்கு இடையே இழை நீளத்தைவிடச் சற்றே அதிக இடைவெளி வேண்டும். நான்காவது படியில் நீளத்தை அளந்தது இதற்கும்தான்.

பட்டையைப் பிடித்திருக்கும் மேலே உள்ள கைக்குள் முறுக்கு நுழைந்துவிட்டால் இழுக்க முடியாது. கீழே உள்ள கையின் பெருவிரலும் ஆட்காட்டி விரலும்தான் அதற்குக் காவல். இழுத்து முடியும் வரை அவற்றைத் திறக்காதீர்கள்.

முறுக்கு போதுமா என்று பார்க்க, அவ்வப்போது ஒரு சாண் நூலைத் தளர்த்தித் தன்மேல் தானே சுற்ற விடுங்கள். அப்படிச் சுற்றிக்கொண்ட நூல் உங்களுக்குப் பிடித்திருந்தால், புரி சேர்த்த பின், அதாவது இரண்டு நூலை ஒன்றாக முறுக்கிய பின், கிடைப்பதும் அதுதான். அந்தத் துண்டை ஓர் அட்டையில் கட்டிப் பக்கத்தில் வையுங்கள். நாளுக்கு நாள் தடிமன் மாறாமல் இருக்க அதைப் பார்த்து நூற்கலாம்.

10. புரி சேர்த்தலும் நிலைப்படுத்துதலும்

ஒற்றைப்புரி நூலில் பின்னினால் துணி ஒரு பக்கமாகச் சாயும், ஏனென்றால் முறுக்கு அவிழப் பார்க்கிறது. இரண்டு புரிகளைச் சேர்த்து இடஞ்சுழியாக முறுக்கினால் இரு விசையும் சமமாகும். நூற்ற உடனே சேர்க்காமல் ஓர் இரவு விட்டால் புரிகள் அடங்கி, கையாள எளிதாக இருக்கும். காலுறை, கையுறை போன்று உரசித் தேயும் பொருள்களுக்கு முப்புரி.

சேர்த்த நூலை நாற்காலி முதுகில் சுற்றிச் சிட்டமாக்கி, நான்கு இடங்களில் எட்டு வடிவில் தளர்வாகக் கட்டுங்கள். கட்டாமல் நனைத்தால் சிக்கு விழும், சிக்கெடுப்பதற்குள் வெறுத்துப்போகும். வெதுவெதுப்பான நீரில் 20 நிமிடம் ஊறவிட்டு, துண்டில் அழுத்தி, உதறி, தொங்கவிடுங்கள். பின்னுவதற்கான நூலில் எடை கட்டாதீர்கள். இழுபட்டுக் காய்ந்த நூல் முதல் சலவையில் சுருங்கி உடையையும் சுருக்கிவிடும்.

11. சாயம் வேண்டுமானால்

இயற்கை நிறமே போதும் என்றால் இந்தப் படியைத் தாண்டலாம். சாயம் ஏற்றுவதாக இருந்தால் சிட்டமாக இருக்கும்போதே ஏற்றுங்கள்.

உலர்ந்த நூலை நிறுத்து, 100 கிராமுக்கு 12 கிராம் படிகாரம் வெந்நீரில் கரையுங்கள். நனைத்த நூலை அதில் போட்டு, மெல்ல மெல்ல 85 டிகிரி வரை ஏற்றி, முக்கால் மணி நேரம் வைத்து, பாத்திரத்திலேயே ஆறவிடுங்கள். படிகாரம்தான் சாயத்தை இழையோடு பிணைக்கும். அது இல்லாமல் ஏற்றிய நிறம் பெரும்பாலும் சலவையில் ஓடிவிடும். கொதிக்க விடாதீர்கள், குமிழியின் அசைவே நூலை இறுக்கிவிடும்.

நூலின் எடைக்குச் சமமான உலர்ந்த வெங்காயத் தோல் மஞ்சளிலிருந்து செம்பழுப்பு வரை தரும். செண்டுமல்லிப் பூ மஞ்சள். மஞ்சிட்டி வேர் சிவப்பு, ஆனால் 70 டிகிரியைத் தாண்டினால் பழுப்படிக்கும். சாயப் பாத்திரத்தில் பிறகு சமைக்காதீர்கள்.

12. மாதிரித் துண்டும் பின்னலும்

கைநூலுக்குக் கடை நூலின் அளவுக் குறிப்பு பொருந்தாது. ஆகவே 15 சென்டிமீட்டர் சதுரமாக ஒரு துண்டு பின்னி, கழுவி, காயவைத்து, நடுவில் 10 சென்டிமீட்டரில் எத்தனை கண்ணி என்று எண்ணுங்கள். கழுவாமல் அளந்த துண்டை நம்பி ஸ்வெட்டரே பின்னி முடித்தவர்கள் உண்டு. அது வீட்டுக் குழந்தைக்குத்தான் போய்ச் சேர்ந்தது.

10 சென்டிமீட்டரில் 16 கண்ணி, தலைச் சுற்றளவு 56 சென்டிமீட்டர் என்போம். தொப்பி தலையைக் கவ்வ 5 சென்டிமீட்டர் குறைக்க வேண்டும். 51 சென்டிமீட்டருக்கு 81.6, அதாவது 82 கண்ணி. இரண்டிரண்டாகப் போகும் விளிம்புப் பின்னல் என்றால் நான்கால் வகுபட 80. மற்ற எல்லா உடைக்கும் இதே கணக்குதான்; ஸ்வெட்டரில் மட்டும் குறைப்பதற்குப் பதில் மார்பளவோடு 8 முதல் 10 சென்டிமீட்டர் கூட்டுங்கள்.

முதலில் தொப்பி, அடுத்து மஃப்ளர், பிறகு கையுறை, காலுறை. ஸ்வெட்டர் கடைசி. தொப்பியில் நூலின் ஏற்றத்தாழ்வு உறுத்தாது. ஸ்வெட்டரில் ஒரு சிட்டம் தடித்திருந்தால் மார்பில் பட்டையாகத் தெரியும். அதைத் தவிர்க்க எப்போதும் இரண்டு உருண்டைகளை வைத்துக்கொண்டு, இரண்டு வரிக்கு ஒரு முறை மாற்றி மாற்றிப் பின்னுங்கள்.

நெய்யப் போகிறீர்கள் என்றால் தறியில் நெடுக்கில் இழுத்துக் கட்டும் பாவுக்கு இருபுரி நூல், குறுக்கில் போகும் ஊடைக்கு ஒற்றைப்புரி போதும். பாவுதான் இழுவையைத் தாங்குகிறது. நெய்த துணியை வெந்நீரில் சற்றுப் பிசைந்தெடுத்தால் இழைகள் நெருங்கித் துணி கனக்கும். அதற்காக நீளத்திலும் அகலத்திலும் 15 விழுக்காடு கூட்டி நெய்யுங்கள்.

13. குட்டை ரோமத்தில் ஃபெல்ட்

கழுவும்போது எதைத் தவிர்த்தோமோ அதையே இங்கே வேண்டுமென்று செய்கிறோம். முதலில் ஒரு சிட்டிகை ரோமத்தைச் சோப்பு நீரில் நனைத்து உள்ளங்கையில் உருட்டுங்கள். ஐந்து நிமிடத்தில் உருண்டையாகக் கட்டினால் ஃபெல்ட்டுக்கு ஏற்றது. கட்டாமல் பஞ்சாகவே இருக்கும் ரோமமும் உண்டு. சுருங்காது என்பதால் அது காலுறை நூலுக்கு மிகவும் நல்லது.

பையோ வீட்டுச் செருப்போ செய்ய, தேவையான அளவைவிட 40 விழுக்காடு பெரிய அச்சை பிளாஸ்டிக் தாளில் வெட்டுங்கள். அதன் மேல் ரோமத்தை மெல்லிய அடுக்குகளாக, ஓர் அடுக்கு நெடுக்கில், அடுத்தது குறுக்கில் என்று இரு பக்கமும் நான்கு அடுக்கு வையுங்கள். வெந்நீரும் சோப்பும் தெளித்து, வலைத்துணி போர்த்தி, முதல் பத்து நிமிடம் மிக மெல்லத் தடவுங்கள். தொடக்கத்திலேயே அழுத்தித் தேய்த்தால் அடுக்குகள் நகர்ந்து ஓட்டை விழும். விரலால் கிள்ளினால் தனி இழை எழாத நிலை வந்ததும் அச்சை உருவி எடுத்து, பாயில் சுருட்டி எல்லாத் திசையிலும் உருட்டுங்கள். உருட்டும் திசையில்தான் சுருங்கும். ஒரு பக்கம் மட்டும் உருட்டினால் பை கோணிக்கொள்ளும்.

14. அணிந்த பிறகு

அடிக்கடி துவைக்க வேண்டாம். காற்றில் ஓர் இரவு விரித்தால் வாடை போய்விடும். துவைக்கும்போது 30 டிகிரி நீர், கம்பளிக்கான திரவம், ஊறவைத்து அழுத்தி எடுத்தல், சமதளத்தில் உலர்த்தல். ஈரத்தோடு கொடியில் தொங்கவிட்ட ஸ்வெட்டர் முழங்கால் வரை நீளும்.

துணிப் பூச்சியின் புழு கம்பளியைத் தின்னும். வியர்வையும் உணவுக் கறையும் உள்ள இடத்தில் முதலில் ஓட்டை விழும். துவைத்து, நன்றாகக் காயவைத்து, மூடிய பையில் வையுங்கள். பூச்சி வந்துவிட்டால் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். முட்டையும் புழுவும் அதில் செத்துவிடும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள், இல்லையென்றால் உடையில் நீர் கோத்துக்கொள்ளும்.

ஒவ்வொரு சிட்டத்திலும் சில முழம் நூலை ஆட்டின் எண்ணோடு எடுத்து வையுங்கள். முழங்கை தேயும்போது ஒட்டுப்போட அதே ரோமத்தின் நூல் வேறெங்கும் கிடைக்காது.